பாதி அட்டை மாத்திரை

அன்பு மகளுக்கு,

முதலில் என்னை மன்னித்துக்கொள். நீ கேட்காமலே எழுதுகிறேன், அதுவும் இத்தனை பக்கம். மகளுக்கு என்று எழுதலாமா என்று யோசித்தே மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். உன்னைவிட எனக்கு ஒன்பது வயதுதான் அதிகம், நேரில் உன்னை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை, நீயும் என்னை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. "தங்களுக்கு" என்று தொடங்கிப் பார்த்தேன், பள்ளி அலுவலகத்திலிருந்து பெற்றோருக்கு நான் தட்டச்சு செய்து அனுப்பும் கடிதம் மாதிரியே இருந்தது. அதனால் இப்படித் தொடங்கிவிட்டேன். பிடிக்காவிட்டால் அந்த ஒரு வரியை அடித்துவிட்டு மீதியைப் படி, மீதியைக் கட்டாயம் படி. நீ எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறாய் என்பதை ஞாயிற்றுக்கிழமை உன் குரலைப் பக்கத்தில் நின்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். இங்கே நாங்களும் நலம் என்று அடுத்த வரி எழுதுவதுதான் முறை. எழுத வரவில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. அப்பா அனுப்பிய பார்சலில், மூக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஐந்து மாத்திரை இருந்தது. மூன்று சாப்பிட்டாய், இரண்டு உன்னிடம் மிச்சம் இருக்கும். அதில் இனி ஒன்றுகூட வாயில் போடாதே, அறையில் கூட இருக்கும் பெண்களுக்கும் கொடுக்காதே. இந்தக் கடிதத்தோடு ஒரு காலி அட்டைத் துண்டைப் பின் செய்திருக்கிறேன், அது உன்னிடம் இருக்கும் துண்டின் மறுபாதி. மருந்தின் பெயரும் காலாவதி தேதியும் இந்தப் பாதியில்தான் இருக்கின்றன, உனக்கு வந்தது பெயரில்லாத பாதி. இதை எடுத்துக்கொண்டு அங்கே ஒரு டாக்டரிடம் போ. இந்த மருந்து மூன்று சாப்பிட்டேன், கையில் கொசு கடித்த மாதிரி தடிப்பு வந்தது என்று சொல். தடிப்பு இதற்குள் மறைந்திருக்கும், இனி எதற்கு டாக்டர் என்று நினைப்பாய். அது மருந்து ஒவ்வாமையாக இருந்தால், மறுபடி அதே மருந்தோ அதன் இனத்தைச் சேர்ந்த வேறொன்றோ சாப்பிடும்போது முன்னைவிட மோசமாக வரலாமாம். முகம், உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டுமாம். ஒவ்வாமைதானா இல்லையா என்று டாக்டர்தான் சொல்ல முடியும். அவர் ஆமென்றால் ஒரு அட்டையில் எழுதி வாங்கிப் பர்சில் வைத்துக்கொள், இனி எந்த டாக்டரைப் பார்த்தாலும் அவர் பேனாவை எடுப்பதற்கு முன்பே சொல். இவ்வளவும் நானாகச் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா சொன்னது. ஏன் ஆஸ்பத்திரி என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், அந்தச் சத்தியத்தை இந்த வரியோடு முறிக்கிறேன்.

அப்பாவுக்குக் கை போய்விட்டது என்று எழுதினால் நீ பயந்துவிடுவாய், அப்படியில்லை, கை இருக்கிறது. வலது கை நடுவிரல் மடங்கவில்லை. ஒரு மாதத்துக்கு முன் கடையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை வெட்டி மேஜையிலிருந்து இறக்கும்போது விளிம்பு உள்ளங்கையில் இறங்கிவிட்டது, நடுவிரலின் அடியில். இத்தனை வருஷத்தில் எத்தனை கீறல் பட்டிருப்பார், அதில் ஒன்று என்றுதான் அவரும் நினைத்தார். பக்கத்து கிளினிக்கில் தையல் போட்டு, ஊசி போட்டு, ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினார்கள், காலையும் இரவும் ஒவ்வொன்று, சாப்பாட்டுக்குப் பிறகு. பத்து மாத்திரை, ஒரே அட்டை. மருந்து வாங்கப் போனது நான்தான். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் கடகடவென்று ஏதோ சொன்னாள், எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. வயிறு கொஞ்சம் இளகலாம் என்றது கேட்டது, அதற்கு மேல் இளகினால் என்ன செய்வது என்பது கேட்கவில்லை. என் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். திரும்பக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன், அவள் அடுத்த சீட்டுக்குக் கை நீட்டிவிட்டாள், நகர்ந்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். எங்கள் தெருவில் எந்தத் தாள் வந்தாலும் "அவகிட்ட குடு, படிச்சவ" என்று என்னிடம்தான் கொண்டு வருவார்கள். அந்தப் படித்தவளால் ஒரு ஜன்னலில் நின்று இரண்டு வார்த்தை கேட்க முடியவில்லை.

இரண்டாம் நாளே அவருக்கு வயிறு சரியில்லை, மூன்று நான்கு தடவை போய் வந்தார். மூன்றாம் நாள் காயம் நன்றாக ஒட்டி, மேலே காய்ந்து தெரிந்தது. அன்றைக்குச் சாயங்காலம்தான் உனக்குப் பார்சல் கட்டினோம். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நீ தொண்டை வலி, காய்ச்சல் மாதிரி இருக்கிறது, இங்கே டாக்டரைப் பார்க்க ஒரு வாரம் முன்னாடியே நேரம் வாங்க வேண்டும் என்று சொல்லியிருந்தாய். அந்த ஒரு வாரம் என்ற வார்த்தை அவர் மனதில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. உனக்குத் தெரியும், இந்த வீட்டில் எது வந்தாலும் அவர் பாதியை உனக்கு என்று ஒதுக்கிவிடுவார். சோப்பு இரண்டு வாங்கினால் ஒன்று உனக்கு. கடைக்காரர் கொடுத்த நாட்காட்டி இரண்டு பக்கம் இருந்ததால் ஒரு பக்கத்தைக் கழற்றி உனக்கு அனுப்பியதை நீதான் போனில் சொல்லிச் சிரித்தாய், ஜூலையிலிருந்துதான் எனக்கு வருஷமே தொடங்குதுப்பா என்று. மாத்திரையிலும் அதையே செய்தார். அட்டையை மேஜையில் வைத்து, ஸ்கேல் வைத்து, தையல் போட்ட கையாலேயே நீளவாக்கில் கத்தியால் ஒரே வெட்டு. அந்தப் பக்கம் ஐந்து குழி, இந்தப் பக்கம் ஐந்து குழி, நூல் பிடித்த மாதிரி. கடையில் அவரை ஸ்கேல் என்று சும்மாவா கூப்பிடுகிறார்கள்.

"காயம்தான் ஆறிடுச்சே, வயித்தையும் கெடுக்குது, மிச்சத்தை நான் எதுக்குத் தின்னு வீணாக்கணும், மேடத்துக்குத் தொண்டைக்கு ஆகும்" என்றார். உன்னை அவர் எப்போதும் மேடம் என்றுதான் சொல்லுவார், மேடம் போன் பண்ணாங்களா, மேடம் தூங்கியிருப்பாங்க. அவர் அந்தப் பாதியை மூக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மேலே இரண்டு ஸ்வெட்டரையும் காலுறையையும் அடுக்கினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருக்கு எழுதிய மருந்தை அவர் முடிக்காமல் நிறுத்தக் கூடாது என்று எனக்குத் தெரியும், ஒருவருக்கு எழுதியது இன்னொருவருக்கு ஆகாது என்றும் தெரியும், பள்ளியில் சுவரொட்டியே ஒட்டியிருக்கிறோம், ஒட்டியதும் நான்தான். ஆனால் உனக்கு என்று அவர் எடுத்து வைப்பதில் நான் ஒரு வார்த்தை சொன்னால் அது வேறு மாதிரி ஆகிவிடும் என்று ஒரு பயம். இந்த நான்கு வருஷமாக அந்தப் பயத்தில்தான் உன் சம்பந்தப்பட்ட எதிலும் நான் வாய் திறப்பதில்லை. பெட்டியை அவர் பிடித்துக்கொள்ள, டேப் ஒட்டியது நான். உன் முகவரியை எழுதியதும் நான். அந்தக் கையெழுத்துத்தான் இது, பார்த்தால் தெரியும்.

ஆறாம் நாள் கை வீங்கியது. துணியைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனார். ஏழாம் நாள் சட்டைப் பொத்தானை என்னைப் போடச் சொன்னார், அப்போதுதான் விரலைப் பார்த்தேன், தொட்டால் சுடுகிறது, நேராக்க முடியவில்லை. எட்டாம் நாள் காலையில் குளிரில் நடுங்கியவரை நானும் கடை முதலாளியும் கண்ணாடி ஏற்றுகிற வண்டியில் உட்காரவைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அன்றைக்கே கையைத் திறந்து கழுவினார்கள். உள்ளே அரிசி முனை அளவுக்கு ஒரு கண்ணாடிச் சில்லு இருந்ததாம், நரம்பு ஓடும் உறைக்குள் சீழ் பிடித்து எலும்பு வரைக்கும் போயிருக்கலாமாம். மருந்தைப் பாதியில் நிறுத்தியதால்தான் இப்படியா என்று டாக்டரிடம் கேட்டேன், அதைக் கேட்க எனக்கு மூன்று நாள் ஆனது. அவர், "உறுதியா சொல்ல முடியாதும்மா. சில்லு உள்ளயே இருந்திருக்கு, முழுசா சாப்பிட்டிருந்தாலும் வந்திருக்கலாம். ஆனா நிறுத்தினது நல்லதில்லை, வீக்கம் கண்ட அன்னிக்கே வந்திருக்கணும்" என்றார். ஆமென்று சொல்லியிருந்தால்கூட அதை வைத்துக்கொண்டு அழுது தீர்த்திருப்பேன். இப்போது தினமும் புதிதாகக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், அந்த ஐந்தும் அவர் வயிற்றுக்குள் போயிருந்தால் என்று.

பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ பேசினாய். மருந்து ஏறும் கையை அசைக்காமல், போனைத் தலையணையில் சாய்த்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். வார்டில் ஒரு தள்ளுவண்டி தடதடவென்று போனது. என்ன சத்தம்ப்பா என்று நீ கேட்டாய். "கடையில சரக்கு இறக்குறாங்கம்மா" என்றார், பக்கத்துப் படுக்கைப் பெரியவர் போர்வையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அப்போதுதான் நீ சொன்னாய், "அப்பா, உங்க மாத்திரை சூப்பர்ப்பா, மூணே மூணு போட்டேன், தொண்டை பஞ்சா போயிடுச்சு, கையில மட்டும் கொசு கடிச்ச மாதிரி தடிச்சிருக்கு" என்று. அப்பா முகத்தில் அத்தனை நாள் கழித்து ஒரு வெளிச்சம் வந்தது. "கொசுவாத்தான் இருக்கும், ஜன்னலைச் சாத்திட்டுப் படு" என்றார். நான் நர்சம்மாவிடம் ஓடினேன். உன் வயது, மருந்து, தடிப்பு எல்லாம் சொன்னேன். "கொசுவும் இல்ல கிசுவும் இல்ல, முதல்ல அதை நிறுத்தச் சொல்லு, டாக்டர்கிட்ட போகச் சொல்லு" என்றார். தொண்டை சரியானதே என்றேன். தொண்டை வலியில் பாதிக்கு மேல் எந்த மாத்திரையும் போடாமலே நாலு நாளில் போகிற ஜாதி, அதற்கு இந்த மருந்து வேலையே செய்யாது, அது தானாகப் போனதற்கு உங்க வீட்டுக்காரர் மாத்திரை பேர் வாங்கிக்கொண்டது என்றார்.

உன் எண்ணுக்கு நான் அழைத்தேன், நீ எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன், அது இன்றைக்கும் திறக்கப்படாமல் அப்படியே இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். வேறு வழி தெரியாமல் அப்பா கண் அயர்ந்தபோது அவர் போனை எடுத்து, அவர் எழுதுகிற மாதிரியே எழுதினேன், "மேடம், அந்த மாத்திரை போதும், நிறுத்திடு. தடிப்பை டாக்டர்கிட்ட காட்டு" என்று. அது அப்பா அனுப்பியதில்லை, நான் அனுப்பியது. நீ உடனே பதில் போட்டாய், "சரிப்பா நிறுத்திட்டேன். ரெண்டு மிச்சம் இருக்கு, அடுத்த தடவைக்கு எடுத்து வெச்சிருக்கேன்" என்று. நீ யார் மகள் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர் பார்ப்பதற்கு முன் இரண்டு செய்தியையும் அழித்தேன். ஒருவர் பெயரில் ஒளிந்து பேசியது தப்பு, அன்றைக்கு எனக்கு உன் உயிர்தான் கண்ணில் தெரிந்தது. இனி அவர் பெயரில் எழுத மாட்டேன், அதனால்தான் என் கையால் எழுதுகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் சேர்க்கை விண்ணப்பத்தில் "மருந்து ஒவ்வாமை ஏதேனும் உண்டா" என்று ஒரு கட்டம் இருக்கிறது. முக்கால்வாசிப் பேர் அதைக் காலியாக விட்டுவிடுவார்கள், நானும் முத்திரை குத்தி வாங்கிக்கொள்வேன். உனக்குச் சின்ன வயதில் ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று அப்பாவைக் கேட்டேன். அவர் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு, "அதெல்லாம் அவ அம்மாதான் பாத்துக்குவா" என்றார். அவ்வளவுதான் சொன்னார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இதைத் தெரிந்துவைத்திருந்தவர் உன் அம்மா ஒருவர்தான், இறந்தவரிடம் போய் எப்படிக் கேட்பது. நான் வந்த பிறகு கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும், எனக்கு அது தோன்றவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது ஆறு வாரத்துக்கு வேறொரு மாத்திரை கொடுத்தார்கள், பன்னிரண்டு மணிக்கு ஒன்று. இந்தத் தடவை நான் நோட்டும் பேனாவும் கொண்டுபோனேன். அங்கே மருந்து கொடுக்கிற ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை, உள்ளே இருந்த பெண் சத்தமா கேளுங்க என்றாள். பின்னாலிருந்து ஒருவர், "ஏம்மா, மருந்து வாங்க வந்தீங்களா, பரீட்சை எழுத வந்தீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்தான், "எழுதட்டும் சார், நீங்களும் வேணும்னா பாத்து எழுதிக்கோங்க" என்றாள். எழுதியது இதுதான். இந்த மருந்தைப் பாலோடும் வயிற்றெரிச்சல் மருந்தோடும் சேர்த்து விழுங்கக் கூடாது, நடுவில் சில மணி நேரம் விட வேண்டும். வயிறு புரட்டும், வாய் கசக்கும், அதற்காக நிறுத்தக் கூடாது, தாங்க முடியாவிட்டால் போன் செய்ய வேண்டும், டாக்டர் மாற்றித் தருவார். தண்ணீராகப் பலமுறை போனாலோ ரத்தம் கலந்தாலோ, குதிகால் நரம்பு வலித்தாலோ அன்றைக்கே சொல்ல வேண்டும். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது. உனக்கு இது தேவையில்லை என்று தெரியும், ஆனாலும் எழுதிவிட்டேன், உனக்கு எப்போதாவது ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் நீயும் ஜன்னலில் நின்று கேள், சிரித்தால் சிரிக்கட்டும்.

அந்த நோட்டை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆகட்டும் டீச்சரம்மா என்றார். ஒரு வாரம் நன்றாகப் போனது என்றுதான் நினைத்தேன். நாலு நாளைக்கு முன் அவருடைய வேலைப் பையைத் தட்டிப் போடலாம் என்று எடுத்தேன், முதலாளி வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தார், கை சரியானதும் வரட்டும் என்றார், ஆனால் மேஜையில் வேறு ஆள் நிற்கிறார் என்பதை வாசலில் என்னிடம் மட்டும் சொன்னார். பையைச் சுத்தமாக வைத்தால் அவருக்குத் தெம்பாக இருக்கும் என்று நினைத்தேன். பேனா மாதிரிப் பிடித்துக் கண்ணாடி வெட்டும் கட்டைக்கும் ஸ்கேலுக்கும் நடுவில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. பிரித்தால் பாதி அட்டை, ஐந்து மாத்திரை. காகிதத்தின் மேல் "மேடம்" என்று எழுதியிருந்தது, இடது கையால், எழுத்து ஒன்றோடொன்று மோதிக்கொண்டு. அட்டையையும் இடது கையால்தான் வெட்டியிருக்கிறார், கோணல் மாணலாக, ஒரு குழி கிழிந்தே போயிருந்தது. வாழ்க்கையில் அவர் கோணலாக வெட்டி நான் பார்த்தது அது ஒன்றுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இந்த முறை வாய் திறந்தேன். என்னங்க இது என்றேன். அவர் கோபப்படவில்லை, திருட்டைக் கண்டுபிடித்தவளைப் பார்க்கிற மாதிரிகூடப் பார்க்கவில்லை, நான் ஏதோ சின்னப் பிள்ளை என்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். "அவளுக்கு நல்லாக் கேட்டுச்சுன்னு அவளே சொன்னாளே. இது அதைவிடப் பெரிய மருந்து. அங்க ஒரு வாரம் காத்துக் கெடக்கணும். எனக்கென்ன, படுத்துத்தானே இருக்கேன், ஒரு வேளை போட்டாப் போதும்" என்றார். உனக்கு வந்தது கொசுக்கடி இல்லை, மருந்துத் தடிப்பாக இருக்கலாம் என்று சொன்னேன். "நீ சும்மா பயமுறுத்தாதே, அவ ஒண்ணும் சொல்லலையே" என்றார். மருத்துவமனைக்கு உடனே போன் செய்து சொல்லிவிட்டேன், விட்டதைச் சேர்த்துப் போட வேண்டாம், இன்றிலிருந்து ஒழுங்காகக் கொடுங்கள், வரச் சொன்ன தேதியை முன்னால் கொண்டுவருகிறோம் என்றார்கள். அன்றிலிருந்து நானே எடுத்துக் கொடுத்து, விழுங்கும் வரை பக்கத்தில் நிற்கிறேன். முந்தாநாள் காலையில் ஜன்னல் கட்டையில் ஒரு மாத்திரை காய்ந்துகொண்டிருந்தது, மேல் பூச்சு கரைந்து, நாக்கின் ஈரம் பட்டு வெளுத்து. கன்னத்தில் அடக்கிவைத்து, நான் தம்ளரை வைக்கப் போன நேரத்தில் எடுத்திருக்கிறார். கழுவிக் காயவைத்தாரோ என்னவோ. அதையும் உனக்குத்தான் அனுப்புவார் என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அடுப்படியில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

தையலைச் சுற்றி மறுபடி சிவந்திருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். எலும்பில் இருப்பது அடங்கவில்லை என்றால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார், அதற்கு மேல் போனால் விரலோடு நிற்காது என்றும் சொன்னார். அப்பாவுக்கு இது தெரியும். தெரிந்தும், நடுவிரல் இல்லாமலும் கண்ணாடி வெட்டும் கட்டையைப் பிடிக்கலாம் என்று பென்சிலை வைத்து எனக்குப் பிடித்துக் காட்டுகிறார். பென்சில் விழுந்துவிடுகிறது. எடுத்துக் கொடுக்கிறேன், மறுபடி காட்டுகிறார். எனக்கு இனி என்ன செய்வதென்று தெரியவில்லை. அதட்டத் தெரியவில்லை, கெஞ்சிப் பார்த்துவிட்டேன், அழுதும் பார்த்துவிட்டேன். நான் சொல்வதெல்லாம் அவருக்குக் காகிதத்தில் படித்த பேச்சு. நீ போனில் சொன்ன ஒரு சூப்பர்ப்பா அத்தனையையும் அடித்துக்கொண்டு போய்விட்டது.

நேரம் ஆகிறது, கூரியர் கடை ஐந்து மணிக்கு மூடிவிடும். இன்று கொடுத்தால் மூன்று நாளில், வியாழக்கிழமை உன் கைக்குக் கிடைக்கும் என்கிறார்கள். வேளைக்குச் சாப்பிடு. காலுறை அளவு சரியாக இருந்ததா என்று எப்போதாவது அப்பாவிடம் சொல், அளவு நான் குத்துமதிப்பாகச் சொன்னது. டாக்டரிடம் மறக்காமல் போ, காலி அட்டையைத் தொலைத்துவிடாதே. உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும், நீ போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல மனிதர்கள் கிடைக்க வேண்டும், இதைத் தவிர எனக்கு வேண்டிக்கொள்ள வேறொன்றும் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் சித்தி
(எழுதிப் பார்த்தேன், அடிக்க மனம் வரவில்லை)

கையெழுத்துப் போட்டுவிட்டேன், கேட்க வந்ததை இன்னும் கேட்கவில்லை. இத்தனை பக்கமும் இதைக் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் எழுதினேன் போலிருக்கிறது. நீ வர வேண்டாம், வேலையை விட வேண்டாம், என்னோடு பேசவும் வேண்டாம். வெள்ளிக்கிழமைக்கு முன், ஞாயிறு வரை காத்திராமல், அப்பாவுக்கு ஒரு போன் செய். தடிப்பைப் பற்றி இப்போது சொல்லாதே, தன்னால் வந்தது என்று தெரிந்தால் அவர் ஒடிந்துபோவார், கை ஆறிய பிறகு சொல்லிக்கொள்ளலாம். தொண்டை சரியானது மாத்திரையால் இல்லையாம், தானாகவே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார் என்று மட்டும் சொல். பிறகு, எனக்குப் பாதி வேண்டாம்ப்பா, முழுசா நீங்களே சாப்பிடுங்க என்று சொல். நீ சொன்னால் வெட்டமாட்டார்.